ஊழியும் ஏரியும்: மூஸி, 1908

ஹைதராபாத் உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு புளியமரம் நிற்கிறது. 1908 செப்டம்பர் 28-ஆம் தேதி மூஸி நதி நகரத்துக்குள் புகுந்தபோது, இந்த மரத்தில் ஏறி 150 பேர் பிழைத்தார்கள் என்று சொல்கிறார்கள். நான் அந்த மரத்தைப் பார்க்கவென்று போகவில்லை. உறவினர் ஒருவரை வார்டில் சேர்த்துவிட்டு உட்கார இடம் தேடியபோது அதன் நிழல் கிடைத்தது. ராத்திரியில் புளியமரத்தடியில் படுக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அங்கே நோயாளிகளோடு வந்தவர்கள் துணியை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு அந்த வெள்ளத்தைப் பற்றிக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். வெள்ளம் பற்றி நமக்கு மிஞ்சுவது தண்ணீர் அல்ல, சொல். ஒரு நகரம் தன் வெள்ளத்தை எந்தச் சொல்லால் ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பதற்கும், அது அடுத்த வெள்ளத்தை எப்படி எதிர்கொள்கிறது என்பதற்கும் தொடர்பு இருப்பதாக எனக்குப் படுகிறது. மூஸியை உதாரணமாக வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடலாம். மூஸி பெரிய நதி இல்லை. மேற்கே விகாராபாத் பக்கத்தில் அனந்தகிரிக் குன்றுகளில் புறப்பட்டு, ஈஸி என்ற துணையாற்றைச் சேர்த்துக்கொண்டு, நகரத்தை இரண்டாகப் பிரித்து ஓடி, கடைசியில் கிருஷ்ணாவில் கலக்கிறது. 1908 செப்டம்பர் கடைசி வாரத்தில் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்தது அசாதாரணமான மழை. ஷம்ஷாபாதில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலம், 48 மணி நேரத்தில் 18.9 அங்குலம். வெள்ளத்தின் உச்சம் விநாடிக்கு 4,25,000 கன அடி என்று பின்னால் கணக்கிட்டார்கள். அஃப்ஸல், முஸல்லம் ஜங், சாதர்காட் பாலங்கள் போயின. குதுப்ஷாஹிகள் 1578-ல் கட்டிய பழைய பாலம் மட்டும், மேலே தண்ணீர் புரண்டும் நின்றது. ஆற்றங்கரைப் பேட்டைகள் அடையாளம் தெரியாமல் போயின. இறந்தவர்கள் 15,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பேட்லா புர்ஜில் கோட்டைச் சுவர்மேல் ஏறி நின்றவர்களைச் சுவரோடு சேர்த்து வெள்ளம் கொண்டுபோயிற்று. புளியமரத்தில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். நகரம் இந்த முரணை மறக்கவில்லை.

அப்போதைய நிஜாம், ஆறாவது ஆசஃப் ஜா மஹ்பூப் அலி கான், அரண்மனைகளை வீடிழந்தவர்களுக்குத் திறந்துவிட்டார். ஊரெங்கும் சமைத்துப் போட்டார்கள். நிஜாம் ஆற்றங்கரைக்குப் போய், தட்டில் புடவையும் தேங்காயும் குங்குமமும் வைத்து மூஸிக்குப் பூஜை செய்தார், அதற்குப் பிறகு தண்ணீர் இறங்கியது என்று ஒரு கதை உண்டு. ஹிந்துக்களும் முஸ்லிம்களும் இதை ஒரே பிரியத்துடன் சொல்கிறார்கள். ராஜாவின் மதம் பார்க்காத நதி, நதியின் மதம் பார்க்காத ராஜா. அந்த நாட்களில் ஜனங்களுக்கு அப்படியொரு கதை தேவைப்பட்டிருக்கிறது.

அந்த வெள்ளத்துக்கு ஒரு கவிஞரும் கிடைத்தார். அம்ஜத் ஹைதராபாதி அன்று தாயையும் மனைவியையும் மகளையும் ஆற்றில் இழந்தார். அவர் மட்டும் பிழைத்தார். உருதுவில் ருபாயிகளுக்காகப் பிற்பாடு பேர்பெற்றவர், 1961-ல் காலமானார். வெள்ளத்தைப் பற்றிய அவருடைய கவிதைக்குத் தலைப்பு ‘கியாமத்தே ஸுக்ரா’. தமிழில் ‘சிற்றூழி’ என்று சொல்லலாம். எனக்கு உருது படிக்கத் தெரியாது. ஹைதராபாத் நண்பர் ஒருவர் வாய்விட்டுப் படித்து அர்த்தம் சொல்லக் கேட்டேன். கேட்டு முடித்ததும் என்னால் விமர்சனமாக எதையும் சொல்ல முடியவில்லை. தன் வீட்டு மூன்று பேரைக் கொடுத்தவன் அதை ஊழி என்று சொல்கிறான். அதற்கு மேல் என்ன விமர்சனம்?

ஆனால் கவிஞனுக்கு உள்ள இந்த உரிமை மற்றவர்களுக்கு இல்லை. ஊழி என்ற சொல்லுக்குக் காரணம் கிடையாது. ஊழிக்கு முன்னால் யாரும் எதையும் பழுதுபார்க்கத் தவறியிருக்க முடியாது; ஊழிக்குப் பிறகு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கவிதையில் அது துக்கத்தின் அளவு. அதே சொல் ஒரு நகரத்தின் பொது ஞாபகத்துக்குள் போகும்போது வேறு காரியம் செய்ய ஆரம்பிக்கிறது. அம்ஜதின் துக்கத்தை எடுத்துக்கொண்டு நகரம் தன் கணக்கை மூடிவிட்டது.

அந்தக் கணக்கு வேறொரு இடத்தில் இருக்கிறது. பம்பாய் அரசாங்க உத்தியோகத்தை விட்டு ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்த எம். விஸ்வேஸ்வரய்யாவை நிஜாம் அரசு அழைத்தது. 1909-ல் அவர் ஹைதராபாதுக்கு வந்தார். அவர் கண்டறிந்ததில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் கன அடி இல்லை. மூஸியின் நீர்ப்பிடிப்புப் பகுதி சுமார் 860 சதுர மைல். அதில் 788 ஏரிகள். அதாவது ஏறத்தாழ சதுர மைலுக்கு ஓர் ஏரி. அவற்றில் 221 ஏரிகள் அந்த மழையில் உடைந்தன.

ஏரிப் பாசன ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதன் அர்த்தத்தை விளக்க வேண்டாம். ஏரி தனியாக இருப்பதில்லை. மேல் ஏரியின் கலங்கலில் வழிவது கீழ் ஏரிக்கு வரத்து. நல்ல காலத்தில் இது பங்கீடு. கெட்ட காலத்தில் மேல் ஏரி உடைந்தால், அதன் மொத்தத் தண்ணீரும் தன் கரைக்குள் ஏற்கெனவே நிரம்பி நிற்கும் கீழ் ஏரியின்மேல் ஒரே மூச்சில் வந்து விழுகிறது. அது உடைந்து அடுத்ததை உடைக்கிறது. ஹைதராபாதுக்குள் வந்தது அன்று பெய்த மழை மட்டுமில்லை. தலைமுறை தலைமுறையாகக் கிராமங்கள் கட்டி நிறுத்தி வைத்திருந்த தண்ணீரும் அதில் இருந்தது. எந்த ஏரியும் அந்த மழையைத் தாங்கியிருக்குமா என்று கேட்கலாம். 567 ஏரிகள் தாங்கின. உடைந்ததற்கும் தாங்கியதற்கும் நடுவே இருப்பது கரையின் கனம், கலங்கலின் அகலம், மதகின் நிலை. மனிதன் கை பட்ட, படாத விஷயங்கள். ஊழி என்ற சொல்லுக்குள் இவை அடங்காது.

அரசு எடுத்த நடவடிக்கை பெரியது. அதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். விஸ்வேஸ்வரய்யாவின் யோசனைப்படி நகரத்துக்கு மேலே மூஸியில் ஒன்றும் ஈஸியில் ஒன்றுமாக இரண்டு நீர்த்தேக்கங்கள் எழுந்தன. உஸ்மான் சாகர் 1920-ல் முடிந்தது, ஹிமாயத் சாகர் 1927-ல். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியவை நகரத்துக்குப் பல பத்தாண்டுகள் குடிதண்ணீர் கொடுத்தன. 1912-ல் ஏழாவது நிஜாமின் ஆட்சியில் நகர மேம்பாட்டு வாரியம் ஏற்பட்டது. நெரிசலான பேட்டைகளை இடித்தது, சாலைகளை அகலப்படுத்தியது. நதிக்குக் கரை கட்டினார்கள். வின்சென்ட் எஷ் வடிவமைத்த ஹைகோர்ட்டும் உஸ்மானியா ஆஸ்பத்திரியும் வெள்ளம் ஓடிய கரைகளிலேயே எதிரெதிராக நின்றன. புளியமரம் ஆஸ்பத்திரிக்குள் அகப்பட்டுக்கொண்டது.

இந்த வெற்றியில்தான் மறதி ஆரம்பிக்கிறது. இரண்டு பெரிய சாகர்கள் வந்ததும் நூற்றுக்கணக்கான சிறு செருவுகள் கண்ணிலிருந்து போயின. வயல் போனதும் மதகுக்கு வேலையில்லை. மதகுக்கு வேலையில்லையென்றால் ஏரி வெறும் பள்ளம், பள்ளமென்றால் மனை. ஆற்றுக்குள்ளும் பயம் போயிற்று. ஒதுங்க இடமில்லாதவர்கள் மணலில் இறங்கிக் குடிசை போட்டார்கள். நகரம் தன் சாக்கடையைத் திருப்பிவிட்டது. உஸ்மான் சாகரையும் ஹிமாயத் சாகரையும் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் கட்டிடங்களைக் கட்டுப்படுத்தி 84 கிராமங்களுக்கு 1996-ல் ஓர் அரசாணை வந்தது; 2022-ல் அதையும் தளர்த்தினார்கள்.

2020 அக்டோபரில் பெருமழை பெய்தது. உடைந்தவை சாகர்கள் இல்லை. நகரத்தின் தெற்குப் பக்கத்தில் குர்ரம் செருவு உடைந்தது, பல்லெ செருவு உடைந்தது. தண்ணீர் கீழே இருந்த காலனிகளுக்குள் போயிற்று. நூறு வருஷத்துக்கும் முன்னால் எண்ணிச் சொன்ன அதே விஷயம். 1908-ஐப் போலவே அப்போதும் ஜனங்கள்தான் முதலில் ஜனங்களிடம் போனார்கள். மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து சோறு போயிற்று. பிறகு 2024-ல் மூஸிக் கரையைச் சீரமைக்கப் போவதாக ஆற்றோர வீட்டுச் சுவர்களில் சிவப்பு மையில் குறிபோட்டார்கள். சாக்கடையை அனுப்பியவர்கள் வீட்டில் ஒரு குறியும் விழவில்லை.

நான் கவிதைக்கு எதிராக என்ஜினீயரை நிறுத்துவதாக நினைக்க வேண்டாம். அந்த எண்ணிக்கைக்கு ஒரு கவிஞன் கிடைக்கவில்லையே என்பதுதான் என் குறை. 221 என்ற எண்ணுக்குள் 221 ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்த ராத்திரி மழையில் கரைமேல் நின்று, மதகைத் திறப்பதா வேண்டாமா என்று தவித்த யாரோ ஒருவன் இருந்திருப்பான். அவனுக்கு அது ஊழியாக இருந்திருக்காது. தனக்குத் தெரிந்த கரையில் தனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் தண்ணீர் கசிவதாக இருந்திருக்கும். நம் இலக்கியங்கள் மூழ்கிய நகரத்தைப் பாடும். அவனிடம் போவதில்லை.

செப்டம்பர் 28-ஆம் தேதி அந்த ஆஸ்பத்திரிப் புளியமரத்தடியில் கூடி இறந்தவர்களை நினைத்துக்கொள்கிற வழக்கம் உண்டு. பிழைக்க வைத்த மரத்துக்கு நன்றி சொல்வது நல்ல பழக்கம். ஒரு வருஷம் அங்கே யாராவது அந்த 221 ஏரிகளின் பெயர்களையும் வரிசையாக வாசிக்க வேண்டும். எத்தனை பெயர் இன்று பஸ் நிறுத்தங்களின் பெயர், எத்தனை பெயர் காலனிகளின் பெயர் என்று கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கே தெரிந்துவிடும்.