ஷாப்ளியின் வெண்மது

பிரான்ஸ் தேசத்தில், பர்கண்டிப் பிராந்தியத்தின் வடகோடியிலே, செரேன் என்னும் சிறு நதியின் இரு கரைகளிலும் எழுந்த குன்றுகளுக்கிடையே அமைந்த ஷாப்ளி என்னும் சிற்றூர், இனிப்பற்ற வெண் திராட்சை மதுவுக்கு உத்தம உதாரணமாக உலகெங்கும் ரசிகர்களால் போற்றப்படுகிறது. அக்குன்றுகளின் சுண்ணாம்பு கலந்த களிமண்ணில், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த சமுத்திரத்தின் சிறு சிப்பிகள் இன்றும் கல்லாய்ச் செறிந்திருக்கின்றன. அம்மண்ணில் ஷாப்ளி மதுவுக்கென வளர்வது ஷார்டொனே என்னும் ஒரே திராட்சை இனம்.

1114-இல் அருகிலுள்ள பொன்டினியில் மடம் நிறுவிய சிஸ்டெர்சியன் துறவியர் இங்கே தோட்டங்களைப் பெற்றுக் கிருஷி செய்தனர். பின்வந்த நூற்றாண்டுகளில், இவ்வூர் மது வண்டிகளில் ஓசேர் நகரம் சென்று, அங்கிருந்து யோன் நதியிலும் ஸேன் நதியிலும் படகேறிப் பாரிஸ் மாநகரை அடைந்து, ஷாப்ளியின் செல்வத்தைப் பெருக்கியது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதை தோன்றித் தென்னாட்டின் மலிவான மதுவைத் தலைநகருக்குக் கொண்டுவரவும், அதனைத் தொடர்ந்து ஃபிலாக்ஸெரா என்னும் பூச்சி கொடிகளின் வேரைத் தின்று அழிக்கவும், அந்தச் செழிப்பெல்லாம் க்ஷீணித்தது. அமெரிக்க வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டிக் கொடிகளை மீட்டார்கள். 1938-இல் ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. எனினும் 1950-களின் நடுவில் எஞ்சியிருந்த தோட்டங்கள் சுமார் 500 ஹெக்டேர் மட்டுமே.

அப்படிச் சுருங்கியதற்கு வசந்தகால உறைபனியும் ஒரு பிரதான காரணம். இளந்துளிர்களைக் காக்கக் குடியானவர்கள் இரவெல்லாம் கண்விழித்துத் தோட்டங்களில் கணப்பு மூட்டினார்கள். பின்னர், கொடிகளின்மீது தொடர்ந்து நீர் தெளித்து, அந்நீர் உறையும்போது வெளிப்படும் வெப்பத்தாலேயே துளிரைக் காக்கும் யுக்தியையும் கைக்கொண்டார்கள். இன்று தோட்டங்கள் 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருப்பதற்கு அவர்களது விடாமுயற்சியும் காரணமாகும்.

துளிரைக் கருக்கும் அந்தக் குளிரே, பழம் நிதானமாய்ப் பக்குவமடையச் செய்து, அதன் புளிப்புச் சத்து குன்றாமல் காக்கிறது. நொதிக்கும்போது சர்க்கரை அநேகமாக முழுவதும் சாராயமாக மாறிவிடுவதால், அப்புளிப்பு மறைவின்றித் துலங்குகிறது. ஆகையால் இம்மதுவை நாவுணர்வு மரத்துப்போகும் அளவுக்குக் குளிர்விக்காமல், சுமார் 10 டிகிரியில், சிப்பி போன்ற கடலுணவுடன் சாவகாசமாய் அருந்துவதே உசிதம். இனிமையை மட்டும் எதிர்பார்ப்பவன் அப்புளிப்பைக் குறையென்று கருதுவான். பயிருக்குப் பகையான குளிரிலிருந்தே அதன் மேன்மையை ஈட்டிய மக்களின் உழைப்பை அறிந்தவனோ, அதனையே இம்மதுவின் உயிரென்று உணர்ந்து அனுபவிப்பான்.