போர்க்காலத்து ஆட்டமும் ஒரு மாணவரும்

1941ஆம் ஆண்டு நவம்பர் 29இல் ஒறிகன் மாநிலக் கல்லூரி அணி, அமெரிக்க உதைபந்தாட்டத்தில் ஒறிகன் சர்வகலாசாலையை 12-7 என வென்று, பசிபிக் கரையோரக் கல்லூரிகளுள் முதன்மை எய்தியது. புத்தாண்டு நாளிற் கலிபோர்னியாவின் பசடீனா நகரில் நிகழும் றோஸ் பவுல் ஆட்டத்துக்கு அக்கல்லூரி தெரிவானது அதுவே முதன்முறையாகும். எட்டு நாட்களின் பின் யப்பானியர் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கினர்.

மேற்குக் கரையிற் பெருந்திரளானோர் கூடுவது ஆபத்தென இராணுவத்தினர் கருதியமையால், பசடீனாவில் ஆட்டம் நிகழ்தல் இயலாதாயிற்று. எதிரணியாகிய டியூக் சர்வகலாசாலை, வட கரோலினாவிலுள்ள தனது டேர்ஹாம் மைதானத்தை உவந்தளித்தது. ஆட்டத்துக்கு இடம் கிடைத்தது. ஆனால், அணியைச் சேர்ந்த ஜாக் யோஷிஹாரா என்னும் மாணவர் அங்கு செல்ல அனுமதி பெற்றாரல்லர். அவர் யப்பானிய வம்சத்தவர் என்பதே காரணம்.

1942 ஜனவரி 1இல், அப்பருவத்தில் அதுவரை தோல்வி காணாத டியூக் அணியை ஒறிகன் அணி 20-16 என வென்றது. அடுத்த மாதம் பிறந்த ஜனாதிபதி ஆணையின் விளைவாக, ஏறத்தாழ 1,20,000 யப்பானிய வம்சத்தவர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிகளே. யோஷிஹாராவும் ஐடகோ மாநிலத்து மினிடோக்கா முகாமுக்கு அனுப்பப்பட்டார். அவரது கல்வி இடைமுறிந்தது.

2008இல் அக்கல்விநிலையம் அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. காலந்தாழ்ந்ததாயினும் அது தக்க செயலே. அச்சம் ஒரு நாட்டை ஆளுங்கால் குற்றமற்றோரும் குற்றவாளிகளாய்த் தோன்றுவர். ஆதலின், ஒரு கல்லூரியின் வெற்றிகளை எழுதும் வரலாறு, அவ்வெற்றியிற் பங்குகொள்ள விடப்படாதோரையும் எழுதுதல் கடனாகும்.