நெம்புகோல் ரைபிளும் நெடுந்தொலைவும்: தோட்டாவின் வழியே ஒரு வரலாறு

அமெரிக்க நெம்புகோல் ரைபிளைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அதன் வேகத்தையே எழுதியிருக்கிறார்கள். விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் போதும். சுட்ட கூடு வெளியே விழும், புதுத் தோட்டா அறைக்குள் ஏறும், சுத்தியல் பின்னுக்கு நிற்கும். தொலைவு என்று வந்தால் ‘இது நூறு கஜத்துத் துப்பாக்கி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் அதே ரைபிளை வைத்து 200 மீட்டரிலும் அதற்கு அப்பாலும் இன்றைக்கு முறையாகக் குறி சுடுகிறார்கள். அந்தத் தொலைவு எப்படிக் கிடைத்தது என்பதைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். துப்பாக்கித் தொழிற்சாலைகள் அதைக் கொடுத்தது சிறிதளவே. தன் தோட்டாவைத் தானே செய்துகொண்டவனின் மேசையிலிருந்துதான் பெரும்பகுதி வந்தது என்பது என் முடிவு.

பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860 அக்டோபரில் காப்புரிமை பெற்ற ரைபிள் குழலுக்கு அடியில் 16 தோட்டாக்களைச் சுமந்தது. அதன் .44 தோட்டாவில் 216 கிரெயின், அதாவது 14 கிராம் எடையுள்ள ஈயக் குண்டும் 30 கிரெயினுக்கும் குறைவான கருமருந்தும் இருந்தன. பற்றவைக்கும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே மடித்து வைக்கப்பட்டிருந்ததால், ஒருமுறை சுட்ட கூடு குப்பைதான். மறுபடி நிரப்ப வழியில்லை. உள்ளே இருந்த மூட்டு இணைப்பும் பெரிய அழுத்தத்தைத் தாங்காது. கிட்டத்தில் பல முறை சுடுவதற்கென்றே பிறந்த கருவி அது. ஆலிவர் வின்செஸ்டரின் கம்பெனி கொண்டுவந்த 1866 மாடலும் அதே தோட்டாவையே ஏற்றது.

இரண்டு நிகழ்ச்சிகள் அந்தக் காலத்தின் மதிப்பீட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க் லாங் ஐலண்டின் கிரீட்மூர் திடலில் அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் 800, 900, 1000 கஜத் தொலைவுகளில் மோதின. 934-க்கு 931 என்ற கணக்கில் அமெரிக்கா வென்றது. அந்த அணியின் கைகளில் இருந்தவை ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்கள். ஒவ்வொரு முறையும் ஒரே தோட்டாவை ஏற்றிச் சுடுபவை அவை. நெம்புகோல் தொடர் ரைபிளுக்கு அங்கே இடமே இல்லை. அடுத்தது 1877-இல் பிளெவ்னா முற்றுகை. துருக்கிப் படையினர் தூரத்தில் வந்த ரஷ்யர்களைப் பீபாடி-மார்ட்டினி ரைபிளால் சுட்டார்கள். அவர்கள் நெருங்கிய பிறகே வின்செஸ்டரைக் கையில் எடுத்தார்கள். தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்ற பிரிவினை போர்க்களத்திலேயே நிலைத்துவிட்டது.

மாற்றத்தின் விதை வின்செஸ்டரின் 1873 மாடலில் இருக்கிறது. அதன் .44-40 தோட்டாவில் 200 கிரெயின் குண்டும் 40 கிரெயின் கருமருந்தும். தொலைவைப் பொறுத்தவரை இது பெரிய முன்னேற்றமில்லை. ஆனால் பற்றவைக்கும் பிரைமர் கூட்டின் அடி நடுவில் தனியாக அமர்ந்தது. எரிந்த பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தலாம், மருந்து கொட்டலாம், குண்டை அழுத்தலாம். வரலாற்றாசிரியர்கள் இந்த மாடலைக் கதைகளுக்காகவும் திரைப்படங்களுக்காகவும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மறுபடி நிரப்பக்கூடிய அந்தப் பித்தளைக் கூடுதான் அதன் பெரிய கொடை என்பேன். கடை எட்டாத மேற்குப் பகுதிகளில் தோட்டா வாங்குவது செலவும் சிரமமுமாக இருந்தது. வின்செஸ்டர் கம்பெனியே குண்டு வார்க்கும் அச்சையும் நிரப்பும் கருவியையும் விற்றது. 1884-இல் ஜான் பார்லோ நியூ ஹேவனில் தொடங்கிய ஐடியல் கம்பெனியின் கைக்கருவி இடுக்கியைப் போலக் கையில் அடங்கும். பிரைமர் பொருத்துவது, கூட்டின் வாயைச் சீர்செய்வது, குண்டை அமர்த்துவது என எல்லாவற்றையும் அதை வைத்தே முடிக்கலாம். பார்லோ வெளியிட்ட ஐடியல் கையேடுகள் ஒரு தலைமுறைச் சுடுநர்களுக்குப் பாடப்புத்தகமாயின. பின்னர் 1925-இல் அந்தத் தொழிலை லைமன் கம்பெனி வாங்கியது. 1879-இல் குறிநோக்கிக்குக் காப்புரிமை பெற்ற வில்லியம் லைமன் நிறுவிய கம்பெனிதான் அது. கண்ணுக்கு அருகே, பிடியின் மேல் நிற்கும் சிறு துளைவழிக் கருவி அந்தக் குறிநோக்கி. உயரத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்த அந்தக் கருவி இல்லாமல் நெடுந்தொலைவைப் பற்றிப் பேசவே முடியாது.

ஆனால் குழலுக்கு அடியில் உள்ள குழாய் மேகசின் ஒரு தடையை விதித்தது. அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. பின்னால் உள்ள குண்டின் முனை முன்னால் உள்ள தோட்டாவின் பிரைமரைத் தொடுகிறது. முனை கூராக இருந்து, சுடும் அதிர்ச்சியில் மோதினால், மேகசினுக்குள்ளேயே வெடிக்கும் ஆபத்து உண்டு. ஆகவே முனை தட்டையாக இருக்க வேண்டும். தட்டை முனையோ காற்றை முட்டி முட்டிச் செல்லும், வேகம் சீக்கிரம் வடியும். மேகசின் குண்டின் வடிவத்தைத் தீர்மானித்தது. குண்டின் வடிவம் தொலைவுக்கு வரம்பு போட்டது. இதற்குத் தோட்டாவைத் தாமே நிரப்பும் கைநிரப்புநர்கள் கண்ட வழி எளிமையானது: கூர்முனைக் குண்டு வேண்டுமென்றால் அறையில் ஒன்று, மேகசினில் ஒன்று, அதற்குமேல் வைப்பதில்லை. அங்கே ரைபிளின் வேகத்தை விட்டுக்கொடுத்துத் தொலைவை வாங்குகிறார்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. மேகசினின் சுருள்வில் தோட்டாக்களைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் குண்டு கூட்டுக்குள் அமுங்கிவிடலாம். அப்படி அமுங்கினால் அழுத்தம் மாறும், குறியும் மாறும். அதனால் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்தில் மடித்து இறுக்குவது இங்கே கட்டாயம்.

1876-இல் வின்செஸ்டர் பெரிய ரைபிள் ஒன்றைக் கொண்டுவந்தும், அதன் மூட்டு இணைப்பு அமெரிக்க அரசின் .45-70 தோட்டாவின் நீளத்தை ஏற்கவில்லை. அதற்கென்று குட்டையான .45-75 உருவானது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1886 மாடல்தான் இதைத் தீர்த்தது. செங்குத்தாக நகரும் இரண்டு பூட்டுத் தண்டுகள் பின்புறத்தை இறுக்கிப் பிடித்தன. .45-70 தடையின்றி ஓடியது. அதே ரைபிளில் .45-90-உம் வந்தது. அதில் 90 கிரெயின் மருந்துக்கு 300 கிரெயின் குண்டு மட்டுமே. வேட்டைக்காரனுக்குத் தட்டையான பாதை கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் அதன் குழலின் புரி 32 அங்குலத்துக்கு ஒரு சுற்று மட்டுமே. நீண்ட, கனமான குண்டை நிலையாகச் சுழற்ற அந்தப் புரி போதாது. .45-70 குழலில் புரி 20 அங்குலத்துக்கு ஒன்று. அதனால் அதில் நீளமான 500 கிரெயின் குண்டுகூடத் தலைசாயாமல் போகும். கைநிரப்புநர்களில் தொலைவை நாடியவர்கள் மருந்து அதிகமுள்ள .45-90-ஐ விட .45-70-ஐயே விரும்பியதற்கு இதுவே அடிப்படை.

இங்கே கணக்கைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். 405 கிரெயின் குண்டு நொடிக்கு 1330 அடி வேகத்தில் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 500 கஜத்தைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 1.4 நொடி ஆகும். அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதைச் சுமார் 30 அடி கீழே இழுக்கும். வீழ்ச்சி பெரிதாக இருப்பதில் சிக்கல் இல்லை, அதைக் குறிநோக்கியின் உயரத்தால் சரிகட்டலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு தோட்டாவுக்கும் அடுத்த தோட்டாவுக்கும் வேகம் 30 அடி மாறுபட்டால், 500 கஜத்தில் படும் இடம் ஓர் அடி வரை மேலும் கீழும் தள்ளாடும். நூறு கஜத்தில் இதே மாறுபாடு கண்ணுக்கே தெரியாது. நெடுந்தொலைவில் ஒவ்வொரு தோட்டாவும் முன்னதைப் போலவே இருந்தாக வேண்டும். மருந்தை நிறுக்கும் தராசு, குண்டுகளை எடைவாரியாகப் பிரிக்கும் பொறுமை, ஒரே நீளத்துக்கு வெட்டிய கூடுகள், ஈயத்தோடு 20-க்கு 1 என்று கலந்த தகரம், இவை எல்லாம் அந்த ஒற்றுமைக்காகத்தான். பல விதமான துப்பாக்கிகளுக்குப் பொதுவாக நிரப்பப்படும் தொழிற்சாலைத் தோட்டா ஒரு தனிக் குழலின் விருப்பத்தைப் பார்த்து நிரப்பப்படுவதில்லை. கைநிரப்புநர் அதைத்தான் பார்க்கிறார்.

ரைபிளின் அமைப்பிலும் குறைகள் உண்டு. கட்டை இரு துண்டுகளாக இருக்கிறது. மேகசின் குழாய் வளையங்களால் குழலோடு கட்டப்பட்டிருக்கிறது. தோட்டாக்கள் குறையக் குறைய அதன் எடை மாறுகிறது, சூடேறினால் வளையங்கள் குழலை ஒரு பக்கமாக நெரிக்கின்றன. பின்புறத்தில் பூட்டும் மாடல்களில் கூடும் நீளும். எனவே கழுத்தை மட்டும் இறுக்கினால் போதாது, கூடு முழுவதையும் மறுபடி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இவற்றையெல்லாம் அறிந்து, பொறுத்து, சரிசெய்துதான் சுடுகிறார்கள்.

வின்செஸ்டரின் 1894 மாடலின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று இருக்கிறது. அது முதலில் .32-40, .38-55 தோட்டாக்களுக்காகவே வந்தது. இரண்டும் பல்லார்டு ஒற்றைத் தோட்டா ரைபிள்களில் குறி சுடுவதற்காகப் பிறந்தவை. கருமருந்துக் காலத்தின் மிகத் துல்லியமான தோட்டாக்களில் அவற்றுக்கு இடமுண்டு. 1895-இல் புகையில்லா மருந்தோடு .30-30 வந்ததும் சந்தை அதன் பக்கம் சாய்ந்தது, அந்தக் குறித் தோட்டாக்கள் பின்னுக்குப் போயின. புகையில்லா மருந்தின் வேகத்தில் வெறும் ஈயக் குண்டு குழலில் ஈயத்தைப் பூசிவிடும். குண்டின் அடியில் ஒரு சிறு செம்புக் கிண்ணத்தைப் பொருத்தினால் சூடான வாயு ஈயத்தை அரிக்காது என்ற தீர்வு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வந்தது. அதுவும் ஐடியல் கம்பெனியின் பணியே. வீட்டில் வார்த்த குண்டு புதிய மருந்தின் காலத்திலும் பிழைத்தது அந்தச் சிறு கிண்ணத்தால்.

தொழிற்சாலைகளும் முயன்றன. 1895 வின்செஸ்டரில் பெட்டி மேகசின், ஆர்தர் சாவேஜின் 1899 மாடலில் சுழலும் மேகசின், 1955-இல் .308 தோட்டாவோடு வந்த வின்செஸ்டர் 88. மூன்றும் கூர்முனைக் குண்டை ஏற்றவை. பொறியியலாகப் பார்த்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிட்டது. ஆயினும் மக்கள் பழைய குழாய் மேகசினை விடவில்லை.

அந்தப் பற்றுக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தது உருவத் தகட்டுப் போட்டி. மெக்சிகோவில் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வளர்ந்த இவ்விளையாட்டு பின்னர் அமெரிக்காவுக்கு வந்தது. கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக்கடா என எஃகுத் தகட்டில் வெட்டிய உருவங்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். பெரிய ரைபிள் பிரிவில் கடா 500 மீட்டரில் நிற்கும். நெம்புகோல் ரைபிளுக்கென ஏற்பட்ட கௌபாய் பிரிவில் கோழி 50 மீட்டர், பன்றி 100, வான்கோழி 150, கடா 200. தொலைநோக்கி கிடையாது. தகட்டில் பட்டால் மட்டும் போதாது, அது சாய்ந்து விழுந்தால்தான் மதிப்பெண். இந்த ஒரு விதி கைநிரப்புநரின் மேசையை நேரடியாக ஆள்கிறது. இலேசான வேகக் குண்டு கடாவைத் தட்டும், தள்ளாது. கனமான, மிதமான வேகமுள்ள வார்ப்புக் குண்டு தள்ளும். .38-55 போன்ற பழைய குறித் தோட்டாக்கள் மறுபடி மதிப்புப் பெற்றது இத்தகைய களங்களில்தான்.

2006-இல் ஹார்னடி கம்பெனி நெகிழும் முனை கொண்ட கூரிய குண்டை வெளியிட்டது. முனை மெத்தென்று இருப்பதால் குழாய் மேகசினில் பிரைமரைத் தாக்காது, காற்றையும் நன்றாகக் கிழிக்கும். .30-30-இல் 160 கிரெயின் குண்டு நொடிக்கு 2400 அடி வேகத்தில் புறப்பட்டது. நூற்றாண்டுக்கு மேல் நீடித்த ஒரு தடையை இது உண்மையாகவே தளர்த்தியது. இதற்குரிய மருந்தும் பிறகு கைநிரப்புநர்களுக்குத் தனியே விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் அதைத் தம் குழலுக்கேற்பத் திருத்தினார்கள்.

வயோமிங் மாநிலத்தின் கோடி நகரில் உள்ள துப்பாக்கி அருங்காட்சியகம் வின்செஸ்டரின் தொழிற்சாலைப் பதிவேடுகளைக் காக்கிறது. ஒரு ரைபிள் எந்த அளவுத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது, எப்போது அனுப்பப்பட்டது என்பதை அங்கே அறியலாம். வாங்கியவர் அதில் என்ன குண்டை, எவ்வளவு மருந்தோடு, எந்தத் தொலைவுக்குச் சுட்டார் என்பதை அந்த ஏடுகள் சொல்லா. அந்தச் செய்தி ஐடியல் கையேடுகளிலும், குண்டு அச்சுகளிலும், குடும்பங்களின் அலமாரிகளில் கிடக்கும் சுடுநர்களின் குறிப்பேடுகளிலும் இருக்கிறது. துப்பாக்கி வரலாறு எழுதுவோர் இனி இவற்றையும் முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகங்களும் ரைபிளை வாங்கும்போது அதனோடு இருந்த அச்சையும் குறிப்பேட்டையும் சேர்த்தே வாங்கிக் காக்க வேண்டும்.