நிலத்தை நகர்த்தியது எது?

நிலம் நகர்கிறது என்றார் ஒருவர், நகைத்தனர் பலர். நகைத்தவர்கள் சாத்திரம் பேசியோர் அல்லர். நிலநூலைக் கரைத்துக் குடித்தவர்கள்! ஆகவேதான் இவ்வரலாற்றை நாம் மறத்தலாகாது.

ஜெர்மன் நாட்டு வானிலை ஆய்வாளர் ஆல்ஃபிரட் வேகனர், கண்டங்கள் முன்னர் ஒன்றாய்க் கிடந்து பின்னர்ப் பிரிந்தன என்று 1912ஆம் ஆண்டில் அறிவித்தார். வெறும் வாய்ச்சொல்லன்று, சான்று தந்தார். ஆப்பிரிக்கக் கரையும் தென் அமெரிக்கக் கரையும் பொருந்துவதைக் காட்டினார். பெருங்கடலைக் கடக்கும் வலிவற்ற மெசோசாரஸ் என்னும் உயிரின் எச்சம் இரு கரைகளிலும் கிடைப்பதைக் காட்டினார்.

“நகர்த்தியது எது?” என்று கேட்டனர். நேர்மையான கேள்வி! புவியின் சுழற்சியும், ஞாயிறு திங்களின் ஈர்ப்பும் என்றார் வேகனர். அவ்விசைகள் போதா என்று கணக்கிட்டுக் காட்டினார் இங்கிலாந்து அறிஞர் ஹெரால்டு ஜெஃப்ரீஸ். கணக்கிலே பிழையில்லை. ஆனால், சொன்ன காரணம் தவறு என்பதால் நகர்வே பொய் என்று முடிவு கட்டினரே, அதுதான் பிழை! 1930இல் கிரீன்லாந்தின் பனிவெளியில் மாண்டார் வேகனர்.

புவிக்குள் கதிரியக்கத்தால் பிறக்கும் வெப்பம் பாறையை மெல்லச் சுழலச் செய்கிறது என்று 1931இல் எழுதினார் ஆர்தர் ஹோம்ஸ். கேட்டோர் சிலரே.

பின்னர், அமெரிக்காவில் மேரி தார்ப். பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் அவருக்கு இடமில்லை. ஆடவர் அளந்து வந்த ஆழங்களைக் கொண்டே படம் வரைந்தார். அட்லாண்டிக் கடலடி மலைத்தொடரின் நடுவே பிளவுப் பள்ளத்தாக்கைக் கண்டார். பெண் பேச்சு என்று தள்ளினார் உடன் உழைத்த அறிஞர். நிலநடுக்கப் புள்ளிகளும் அப்பள்ளத்தாக்கிலேயே வரிசை கட்டின, மறுப்பு மடிந்தது. அம்மலைத்தொடர்களின் இருபுறமும் உள்ள காந்தப் பட்டைகள், பிளவிலே புதுப்பாறை பிறந்து விலகிச் செல்வதன் பதிவே என்று 1963இல் விளக்கினர் வைனும் மேத்யூசும்.

அப்படியானால் நகர்த்துவது எது? புவியின் மேலோடு பல தகடுகளாய்ப் பிளந்து கிடக்கிறது. பிளவிலே பிறந்த கடலடித் தகடு விலக விலகக் குளிர்கிறது, கனக்கிறது, ஆழ்கடல் அகழியில் மூழ்குகிறது. மேசை விளிம்பில் தொங்கும் துணி மேலுள்ள துணியையும் இழுத்துச் சரிவதுபோல், மூழ்கும் முனை பின்னுள்ள தகட்டை இழுக்கிறது. இவ்விழுவையே முதன்மை விசை என்பர் இன்றைய ஆய்வாளர். வேகம்? ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். நம் நகம் வளரும் வேகம்!

காரணம் விளங்காத இடத்திலும் சான்றை மதிப்பது பகுத்தறிவு; சான்றைக் கண்டவர் சொன்னார் என்பதற்காகக் காரணத்தையும் கண்மூடி ஏற்க மறுப்பதும் பகுத்தறிவே. நிலமே நகர்கையில், நம் நினைப்பு மட்டும் நிலைகுத்தி நிற்கலாமா?