குழந்தைகளுக்கு ஏன் வருஷத்துக்கு ரெண்டு தடவை பூச்சி மாத்திரை?

‘சாக்லேட் அதிகமா தின்னா வயித்துல பூச்சி வரும்.’ நம்ம எல்லார் வீட்டிலும் கேட்ட டயலாக்தான். உண்மையில் இனிப்புக்கும் குடற்புழுவுக்கும் சம்பந்தமே இல்லை. புழு வருவது மண்ணிலிருந்து, அதுவும் மனித மலம் கலந்த மண்ணிலிருந்து.

இந்தியக் குழந்தைகளிடம் இது எவ்வளவு பரவலா இருக்கு? செய்திகளில் அடிக்கடி வரும் எண் சுமார் 24 கோடி. 1 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களில் இத்தனை பேருக்கு ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஆபத்தில் இருப்பது வேற, தொற்று இருப்பது வேற. புழு பரவும் பகுதிகளில் வாழும் குழந்தைகளின் எண்ணிக்கைதான் அந்த 24 கோடி. உண்மையான தொற்று இடத்துக்கு இடம் மாறும். மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும்.

ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த டெஸ்ட் எடுப்பதைவிட மாத்திரை கொடுப்பது மலிவு, பாதுகாப்பானதும்கூட. அதனால் ஒரு பகுதியில் தொற்று 20 சதவீதத்தைத் தொட்டால் வருஷத்துக்கு ஒரு முறை, 50-ஐத் தாண்டினால் இரண்டு முறை, எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கச் சொல்கிறது அந்நிறுவனம். இந்தியாவில் 2015 பிப்ரவரி 10-ல் தேசிய குடற்புழு நீக்க நாள் தொடங்கியது. அடுத்த வருஷமே நாடு முழுக்க விரிந்தது. 1 முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். இரண்டு வயதுக்குள் என்றால் அரை மாத்திரை. பிப்ரவரி விட்டால் ஆகஸ்ட்.

ஏன் திரும்பத் திரும்ப? மாத்திரை இன்று வயிற்றில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். ஒரு பெண் உருளைப்புழு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். அந்த முட்டைகள் மண்ணில் சில வாரங்கள் கிடந்து முதிர்ந்து, கழுவாத கை, காய்கறி வழியா மறுபடி உள்ளே போகும். கொக்கிப்புழு இன்னும் மோசம். வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்து, குடலில் ரத்தம் குடிக்கும். குழந்தை சோர்ந்து போகும். நாம ‘படிப்புல கவனமே இல்லை’ன்னு திட்டுவோம்.

மாத்திரைக்கும் எல்லை உண்டு. சாட்டைப்புழுவை ஒரே டோஸ் சரியாக அடிக்காது. உத்தரப்பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் சிறு குழந்தைகளிடம் நடந்த ‘டெவ்டா’ ஆய்வு 2013-ல் வெளியானது. ஆறு மாதத்துக்கொரு முறை மாத்திரை கொடுத்தும் எடையிலோ இறப்பிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கழிப்பறையும் சுத்தமான தண்ணீரும் செய்ய வேண்டிய வேலையை மாத்திரையிடம் எதிர்பார்க்க முடியாது.

‘நாங்க அபார்ட்மெண்ட்ல இருக்கோம், மண்ணே கிடையாது’ன்னு சொல்றீங்களா? கீரிப்பூச்சிக்கு மண் தேவையில்லை. நகம், படுக்கை விரிப்பு போதும். ராத்திரி குழந்தை ஆசனவாயைச் சொறிந்தால் டாக்டரிடம் காட்டுங்க. இதற்கு வீட்டில் எல்லாருமே மருந்து சாப்பிடணும், இரண்டு வாரம் கழித்து இன்னொரு டோஸும் வேணும்.

பள்ளியிலோ அங்கன்வாடியிலோ மாத்திரை தரும் நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்று வேண்டாம். விடுபட்டவர்களுக்காக ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுப்பாங்க.