நூவோ: வேவு பார்த்து வளர்ந்த டிரைவர்

என்விடியா கார்டு உள்ள கணினியில் லினக்ஸை நிறுவும்போது முதலில் திரைக்கு உயிர் கொடுப்பது பெரும்பாலும் நூவோ என்ற திறந்த மூல டிரைவர்தான். அடுத்த வேலையாக அதை முடக்கிவிட்டு, நிறுவனத்தின் சொந்த டிரைவரைப் போட்டுக்கொள்வார்கள். லினக்ஸ் உலகில் இத்தனை உழைப்பை விழுங்கி, இவ்வளவு குறைவாக நன்றி பெற்ற மென்பொருள் வேறு இருக்குமா என்பது சந்தேகமே.

2000களில் லினக்ஸுக்கென என்விடியா இரண்டு டிரைவர்களைத் தந்தது. ஒன்று முப்பரிமாணம் உட்பட எல்லாம் செய்யும். ஆனால் மூல நிரல் வெளியே வராது. 'என்வி' என்ற மற்றொன்றின் நிரலை யாரும் படிக்கலாம், படித்துப் பயனில்லை. எந்தப் பதிவகம் எதற்கு என்பதற்குப் பெயரோ விளக்கமோ இல்லாமல் வெறும் எண்களாகவே எழுதிவைத்திருந்தார்கள். ஸ்டெபான் மார்ஷெசன் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2005 வாக்கில் அந்த எண்களுக்குப் பொருள் தேடப் புறப்பட்டார். நூவோ அங்கே பிறந்தது.

கையேடு கிடையாது. கார்டின் ரகசியம் தெரிந்த ஒரே சாட்சி அந்த மூடிய டிரைவர்தான். குறிப்பு சொல்லாத சமையல்காரரின் பக்கத்தில் நின்று, எந்த டப்பாவிலிருந்து எத்தனை கரண்டி எடுக்கிறார் என்று எழுதிக்கொள்வதுபோல அதை வேவு பார்த்தார்கள். 'ரெனூவோ' என்ற சிறு கருவி திரையில் ஏதேனும் ஓர் எளிய உருவத்தை வரையச் சொல்லும். வரைவதற்கு முன்னும் பின்னும் கார்டின் நிலையைப் பதிந்து, என்ன மாறியது என்று ஒப்பிடும். பல வகைக் கார்டு வைத்திருந்த பயனர்கள் அதை ஓட்டிப் பார்த்துப் பதிவுகளை அனுப்பினார்கள். பிறகு 'எம்எம்ஐஓடிரேஸ்' வந்தது. டிரைவர் கார்டைத் தொடும் ஒவ்வொரு முறையும் கர்னல் குறுக்கிட்டுக் குறித்துக்கொள்ளும் உத்தி அது. 2008இல் கர்னலிலேயே அதற்கு இடம் கிடைத்தது.

ஃபெடோரா லினக்ஸ் முன்கூட்டியே நூவோவைத் தன் பயனர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இது ஏன் இன்னும் கர்னலுக்குள் வரவில்லை என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேட்ட பிறகு, 2010 பிப்ரவரியில் வெளியான 2.6.33 பதிப்பில், சோதனைப் பகுதியில், அது நுழைந்தது. அடுத்த மாதமே என்விடியா தன் பழைய 'என்வி'யைக் கைவிடுவதாக அறிவித்தது. 2012இல் ஃபின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக மேடையில் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரல் காட்டியது ஊரறிந்த கதை. நூவோவின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய திருப்பம் 2014இல், சத்தமில்லாமல் வந்தது.

அந்த ஆண்டு வெளியான ஜிடிஎக்ஸ் 900 வரிசையில், என்விடியாவின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரை (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளை) கார்டின் முக்கியப் பகுதிகள் ஏற்கவில்லை. என்விடியா கார்டுகள் விழித்தெழும்போது தாழ்ந்த வேகத்தில்தான் இருக்கும். டிரைவர்தான் கடிகார வேகத்தை ஏற்ற வேண்டும். முந்தைய கெப்ளர் தலைமுறை வரை நூவோ அதைத் தட்டுத்தடுமாறிக் கற்றிருந்தது. இப்போது எவ்வளவு வேவு பார்த்தாலும் பயனில்லை: வழி தெரிந்தாலும் கையொப்பம் இல்லையே! படம் வரையத் தேவையான ஃபர்ம்வேரை என்விடியா பின்னர் வெளியிட்டது. வேகத்தை ஏற்றுவதற்கானது மட்டும் வரவில்லை.

2018இன் டூரிங் தலைமுறையிலிருந்து கார்டுக்குள்ளேயே ஜிஎஸ்பி என்ற சிறு செயலி உண்டு. மின்சாரம், வேகம் முதலியவற்றை அதில் ஓடும் ஃபர்ம்வேர் பார்த்துக்கொள்கிறது. 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டபோது பலர் கைதட்டினார்கள். பாதிக் கைதட்டலே அதற்குத் தகும்: ரகசியத்தில் பெரும்பங்கை ஃபர்ம்வேருக்குள் நகர்த்திப் பூட்டிய பிறகுதான் கதவு திறந்தது. ஆனாலும் நூவோவுக்கு அது போதுமானதாக இருந்தது. 2024 ஜனவரியில் வந்த 6.7 கர்னலில், அதே ஃபர்ம்வேரின் துணையோடு புதிய கார்டுகள் முழு வேகம் எடுத்தன. லினக்ஸின் திறந்த வரைகலை நூலகமான மேசாவுக்குள் ஃபெய்த் எக்ஸ்ட்ராண்டும் குழுவினரும், வல்கன் என்ற வரைகலை இடைமுகத்துக்காக எழுதிய 'என்விகே' டிரைவர் விளையாட்டுகளுக்கு வழி திறந்தது. ரெட் ஹாட் நிறுவனத்திலிருந்து நூவோவை நெடுங்காலம் சுமந்த பென் ஸ்கெக்ஸ் 2023இல் விலகினார்; மறு ஆண்டு என்விடியா மின்னஞ்சல் முகவரியிலிருந்தே 156 திருத்தங்களை அனுப்பினார். இதற்கிடையே ரஸ்ட் மொழியில் 'நோவா' என்ற வாரிசு உருவாகிவருகிறது. 2025இல் அதன் முதல் பகுதி கர்னலுக்குள் வந்துவிட்டது.

டூரிங்கோ அதற்குப் பிந்தியதோ வைத்திருப்பவர் என்விகேயை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். சிக்கியவர்கள் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக்காரர்கள். என்விடியாவின் சொந்த டிரைவரில் இவற்றுக்கு 580 கிளையே கடைசி. நூவோவிலோ வேகம் ஏறாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கார்டுகள் இவை. இனி விற்காத சரக்குக்கான ஃபர்ம்வேரையாவது என்விடியா வெளியிட வேண்டும்.