தோட்டப் பெண்டிரும் தொழில் மாற்றமும்

கோலசிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் துரைமாரையும் கங்காணிகளையும் பற்றியே பேசப்படுகிறது. சுங்கை செம்பிலாங் முதலிய ஊர்களைச் சூழ்ந்த அத்தோட்டங்களில் பெண்டிர் ஆற்றிய பங்கு அதிகம் பேசப்படுவதில்லை.

ரப்பர்க் காலத்தில் பெண்கள் களை பிடுங்கியதோடு நில்லாது பால்மரமும் வெட்டினர். விடியுமுன் பிரட்டுக்கு வந்து, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, நிரைக்குச் செல்வர். உள்மரம் காயப்படாமல் பட்டையை மெல்லியதாகச் சீவுவது பயின்ற கைக்கே வரும். ஆணும் பெண்ணும் செய்தது ஒரே வேலை, கூலியோ வேறு. 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கிய வட்டாரங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.

மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டமும் இவ்வட்டாரத்திலேயே, தென்னமரத்தில், 1917இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியேயால் தொடங்கப்பெற்றது. ஆயினும் 1960களுக்குப் பின்னரே செம்பனை ரப்பரின் இடத்தை விரைந்து பற்றியது. நீண்ட கழியிற் கட்டிய அரிவாளால் குலை அறுப்பது ஆடவர் தொழிலாயிற்று. பெண்டிர்க்குப் பெரும்பாலும் எஞ்சியவை உதிரிப்பழம் பொறுக்கலும், உரமிடலும், மருந்து தெளித்தலுமே. பால்கத்தி கையை விட்டகன்றது. அக்கைத்திறனுக்கிருந்த மதிப்பும் உடன் அகன்றது. அவர்கள் தெளித்த பாரகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி மலேசியாவில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2020இல்தான்.

1970களில் சுங்கைவே போன்ற இடங்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. தாய் கற்ற தொழில் தோட்டத்தில் அருகிவிடவே, மகளிர் பலர் லயத்தை விட்டு அவ்வாலைகளை நாடினர். தோட்ட வரலாறு எழுதுவோர் பயிரின் கணக்கோடு இக்கைகளின் கணக்கையும் எழுதுதல் வேண்டும்.